பலாக்கொட்டை லெக்டினும் கட்டியின் அரைகுறை வெல்லமும்: பிடியையும் ஆயுளையும் அளப்பது எப்படி

திண்மப் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் கலமேற்பரப்பின் வெல்லச் சங்கிலி பாதியில் நின்றுபோகிறது. (உயிரியல் பாடத்து வெல்லம்தான், கடைச் சர்க்கரை அல்ல.) வழமையாக, புரதத்தின் செரீன் அல்லது திரியோனின் என்ற அமினோவமிலத்தின் மீது என்-அசற்றைல் கலக்டோசமின் ஏறும், அதன்மேல் கலக்டோசும் பிறவும் ஏறும். கலக்டோசை ஏற்றும் நொதிக்குத் துணைநிற்கும் கொஸ்மிக் என்ற புரதம் பழுதானால் முதல் வெல்லத்தோடு வேலை நின்றுவிடும். அப்படி நின்ற வெல்லத்துக்கு ரிஎன் என்று பெயர். கலக்டோசு ஒன்று மட்டும் ஏறி நின்றால் அது ரி. இவற்றைக் குறிவைத்து நிர்ப்பீடன மருந்து செய்வோருக்கு இரண்டு தலையிடி: வெல்லத்தில் பிடி பலமில்லை, மருந்தும் உடம்பில் தங்குவதில்லை.

இரண்டையும் ஜக்கலினை வைத்து அளந்து பழகலாம். ரி, ரிஎன் இரண்டையும் பிடிக்கும் பலாக்கொட்டை லெக்டின், அதாவது வெல்லத்தைப் பிடிக்கும் புரதம், அது. திருகோணமலையின் வரண்ட மண் பலாவுக்கு ஒத்ததல்ல. ஆனாலும் ஈரவலயத்திலிருந்து லொறியில் வரும் பழம் சந்தையில் கிடைக்கும். ஜக்கலின் மருந்தாகாது. அது மனிதக் குருதியின் ஐஜிஏ1 பிறபொருளெதிரியைப் பிடிக்கும், ரி-கலங்களைத் (நிர்ப்பீடன வெண்குழியங்கள்; மேலே சொன்ன ரி வெல்லம் அல்ல) தானே தூண்டிவிடும். இங்கே அது பயிற்சிப் பொருள் மட்டுமே.

முதலில் தாங்கற் கரைசல். ஒரு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 8 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.2, இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 1.44, பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 0.24, பிஎச் 7.4.

கொட்டையை அவிக்கவோ சுடவோ கூடாது. வெள்ளை ஓட்டையும் மண்ணிறத் தோலையும் முழுதாக உரித்து, நிழலில் உலர்த்தி அரையுங்கள். தோல் ஒட்டியிருந்தால் அதிலுள்ள தனின் புரதத்தோடு சேர்ந்து சாறு மண்ணிறமாகும்; பிறகு வரும் முடிவு எதையும் நம்பமுடியாது. மிக்சியை 10 செக்கனுக்கு மேல் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். 10 கிராம் மாவை 100 மில்லிலீற்றர் கரைசலில் இரவு முழுதும் 4 பாகையில் கலக்கி, துணியில் வடித்து, மையநீக்கியில் 10,000 ஜீயில் 30 நிமிடம் சுற்றுங்கள். தெளிந்த சாற்றை ஐஸில் வைத்து, 100 மில்லிலீற்றருக்கு 36 கிராம் வீதம் அமோனியம் சல்பேற்றை அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாகப் போட்டால் 60 வீத நிரம்பல் வரும். மீன்காரரிடம் வாங்கும் ஐஸே போதும், முகவையின் வெளியே இருக்கும்வரை. நுரைக்கக் கலக்க வேண்டாம். வீழ்படிவைக் கரைத்து, மூன்று முறை கரைசல் மாற்றி ஒரு நாள் டயலிசிஸ் (சவ்வுப் பையிலிட்டு உப்பை வெளியேற்றல்) செய்யுங்கள்.

அடுத்தது செங்குழிய ஒட்டல் சோதனை. குருதியை ஒழுக்கக் குழுவின் அனுமதியோடு மட்டும் எடுங்கள், ஓ வகையாக இருக்கட்டும். காரணம் கீழே வரும். மூன்று முறை கழுவுங்கள். கழுவாத குருதியில் ஐஜிஏ1 எஞ்சி லெக்டினை விழுங்கிவிடும். கழுவிய அடர்கலம் 0.2 மில்லிலீற்றரை 10 மில்லிலீற்றராக்கினால் 2 வீதம். யூ வடிவக் குழிகள் கொண்ட 96 குழித் தட்டில் 50 மைக்கிரோலீற்றர் வீதம் இரட்டிப்பு ஐதாக்கல் (குழிக்குக் குழி செறிவு பாதியாகும்) செய்து, 50 மைக்கிரோலீற்றர் கலம் சேர்த்து, அசைக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். ஒட்டியிருந்தால் குழியடியில் பாய் விரித்தது போலிருக்கும். ஒட்டாவிட்டால் சிவப்புப் பொத்தான்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பலாக்கொட்டையில் மனோசைப் பிடிக்கும் வேறொரு லெக்டினும் உண்டு. ஆகவே இன்னும் இரண்டு வரிசை வேண்டும்: ஒன்றை 0.2 மோலர் கலக்டோசிலும் (100 மில்லிலீற்றருக்கு 3.6 கிராம்), மற்றதை அதே செறிவு மனோசிலும் ஐதாக்கி, அரை மணி விட்டுக் கலம் சேர்க்கவும். கலக்டோசு வரிசையில் மட்டும் ஒட்டல் குறைந்தால் அது ஜக்கலினின் வேலை. ஒரு குழி வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள், இரண்டு குழிக்கு மேல் போனால்தான் கணக்கு.

இனி ஆயுள். ஒரு பங்கு லெக்டினை ஒன்பது பங்கு மனிதச் சீரத்தில் கலந்து 37 பாகையில் வைத்து, 0, 6, 24, 72 மணியில் எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். கிருமி வளராமலிருக்க 0.02 வீத சோடியம் ஏசைட்டு. சீரத்தில் எதிர்-ஏ, எதிர்-பி இருக்கும்; ஓ வகைக் கலத்தை அவை ஒட்டவைக்கா. சீரம் மட்டும் போட்ட குழி ஒன்றும் கட்டாயம். பலரும் வழுக்குவது 0 மணியில்தான். அப்போதே ஒட்டும் குழிகளின் எண்ணிக்கை விழுந்திருந்தால் புரதம் சிதையவில்லை, ஐஜிஏ1 பிடித்துக்கொண்டது. 1 வீத மாட்டு அல்புமின் கரைசலில் சமாந்தரமாக வைத்ததோடு ஒப்பிட்டால் இரண்டையும் பிரித்தறியலாம். 0 மணி மாதிரியை எடுக்காமல் 72 மணியை மட்டும் பார்த்து “நிலைக்கவில்லை” என்று எழுதுவது தவறு.

உண்மையான மருந்தை, அதாவது ஒரு பக்கத்தால் கட்டியையும் மறுபக்கத்தால் ரி-கலத்தையும் பிடிக்கும் புரதத்தை, வடிவமைக்கும்போது இதே இரு கேள்விகளும் திரும்ப வரும். ஒற்றை வெல்லத்தில் லெக்டினின் பிடி மிகத் தளர்வு. ஜக்கலின் நான்கு கையால் பிடிப்பதால்தான் நிற்கிறது. கட்டிப் பக்கம் கைகளைக் கூட்டுங்கள், ரி-கலத்தின் மேற்பரப்புப் புரதமான சிடி3 பக்கம் ஒரு கை போதும், அதுவும் இறுக்கமில்லாமல். அங்கே இறுகினால் மருந்து கட்டியைச் சேருமுன்பே ரி-கலங்களில் முடங்கும்.

தங்கும் காலத்துக்கு அளவு முக்கியம்: ஏறத்தாழ 60 கிலோடால்ற்றனுக்குக் குறைந்த புரதத்தைச் சிறுநீரகம் வடித்துவிடும். அந்த எல்லைக்குள் வரும் பிளினற்றுமொமாப் என்ற குருதிப்புற்று மருந்தின் அரைவாழ்வு 2 மணி நேரமளவே. அதனால் 4 வாரம் இடைவிடாமல் ஏற்றவேண்டும். பிறபொருளெதிரியின் வால்பகுதியான எஃப்சி துண்டை ஒட்டினால், கலத்துக்குள் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி அதை அமிலத்தில் பிடித்து 7.4இல் குருதிக்கே திருப்பிவிடும். முழு ஐஜிஜி 3 வாரமளவு தங்குவது இப்படித்தான். ஆனால் 234, 235ஆம் இடத்து லியூசீன்களை அலனீனாக்க மறக்கவேண்டாம். மறந்தால் எஃப்சி பிற கலங்களின் ஏற்பிகளில் தொற்றி, கட்டியே இல்லாத இடத்தில் ரி-கலத்தை உசுப்பும். புரதத்தின் சொந்த வெல்லத்தையும் பாருங்கள்: நுனியில் கலக்டோசு வெளித்தெரிந்தால் ஈரல் இழுத்துக்கொள்ளும், சியாலிக் அமிலம் மூடியிருக்கவேண்டும்.

நீடிக்கும் மருந்துக்கு ஒரு விலை உண்டு. 2 மணி மருந்தில் சைற்றோக்கைன் (நிர்ப்பீடனக் கலங்கள் விடும் சமிக்ஞைப் புரதம்) பெருக்கெடுத்தால், ஏற்றுவதை நிறுத்தியதும் மருந்தும் இறங்கிவிடும். 3 வார மருந்தில் அந்த வசதி இல்லை. முதல் அளவைச் சிறிதாக்கி, படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும்.