சாலை விபத்து இழப்பீடு: பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. உயிரிழப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அதே அறிக்கை கூறுகிறது. குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டுவது, கைப்பேசிப் பயன்பாடு ஆகியவை மற்ற காரணங்கள். ஆனால் ஒரு விபத்துக்குக் காரணம் என்ன என்பது பாதிக்கப்பட்டவருக்கு வெறும் புள்ளிவிவரம் அன்று. யாருடைய கவனக்குறைவு, எத்தனை சதவீதம் என்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்வதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் தொகை அமைகிறது. அந்த முடிவுக்கு அடிப்படையான தாள்கள் பெரும்பாலும் முதல் சில நாள்களிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன; குடும்பம் துயரத்திலும் ஓட்டத்திலும் இருக்கும் அதே நாள்களில்.

முதல் தாள் மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். காப்பி என்று வழக்கறிஞர்கள் கேட்பது இதைத்தான். காயமடைந்தவரை அழைத்துவந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொன்னால், மருத்துவர் அதையே பதிவு செய்வார். பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒற்றை வரியை எடுத்துக்காட்டி, வேறு வாகனம் மோதவே இல்லை என்று வாதிடுவார். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வாகனம் மோதியது என்பதைத் தெரிந்த அளவில் தெளிவாகச் சொல்வதும், தெரியாததை ஊகித்துச் சொல்லாமலிருப்பதும் அவசியம். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகிய நான்கின் நகல்களையும் பெற்றுப் படித்துப் பார்க்க வேண்டும். 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்டதா என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

பின்னால் வந்து மோதியவர்மீதுதான் தவறு என்ற நம்பிக்கை மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இரவில் விளக்கோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாமல் சாலையில் நிறுத்தப்பட்ட லாரியின் பின்புறம் மோதி இறந்தவரின் குடும்பம், வழக்குத் தொடுக்கவே வழியில்லை என்று எண்ணிக் கைவிடுவது உண்டு. பிறருக்கு ஆபத்தாகும்படி வாகனத்தைச் சாலையில் நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு தடை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கோவையில் 2017இல் நடந்த ஒரு விபத்து இதற்கு நல்ல சான்று. நெடுஞ்சாலையில் முன்னே சென்ற கார் திடீரென நின்றது. பின்னால் இருசக்கர வாகனத்தில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பேருந்து ஏறியதில் இடது காலை இழந்தார். தீர்ப்பாயம் கார் ஓட்டுநர்மீது பொறுப்பு ஏதும் இல்லை என்றது. உயர் நீதிமன்றம் அவருக்கு 40 சதவீதப் பொறுப்பை ஏற்றியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டுநருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 சதவீதம் என்று பகிர்ந்தளித்தது. முன்னறிவிப்பின்றி நெடுஞ்சாலையில் நிறுத்துவது கவனக்குறைவே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மாணவர் போதிய இடைவெளி விடாமலும் செல்லத்தக்க உரிமம் இல்லாமலும் ஓட்டியது அவருடைய பங்காகக் கழிக்கப்பட்டதே தவிர, அவருடைய உரிமையை அழிக்கவில்லை.

ஆகவே, தம் பக்கத்திலும் பிழை இருந்தது என்பதற்காக ஒதுங்கிவிடக் கூடாது. அதை மறைக்கப் பொய்ச் சாட்சி தேடுவதும் கூடாது. ஒரே வண்டியில் மூவர் சென்றது சட்டமீறல்தான் என்றாலும், அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டப்படாவிட்டால் அதற்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது.

சம்பவ இடத்திலேயே பத்தாயிரம், இருபதாயிரம் வாங்கிக்கொண்டு புகார் வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது மிகவும் வேதனை தரும் தவறு. தலைக்காயத்தின் விளைவு சில சமயம் நாள்கள் கழித்தே வெளிப்படும். அதற்குள் வாகனமும் சாட்சிகளும் கலைந்துபோயிருப்பார்கள். மோதிய வாகனம் எதுவென்றே தெரியாமல் போனால், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கும் அரசுத் திட்டம் மட்டுமே மிஞ்சும். அதனால் பதிவெண்ணைப் படமெடுப்பது முதலுதவிக்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டிய வேலை.

காலதாமதமும் அதே அளவு ஆபத்தானது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. இந்த வரம்பு நீதிமன்றங்களில் கேள்விக்கு உள்ளாகியிருந்தாலும், அதை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

வருமானச் சான்றைப் பற்றிய அலட்சியத்தால் எவ்வளவு இழப்பு நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மாதம் 20,000 ரூபாய் ஈட்டிய 35 வயது மின்பணியாளர் ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர் என்று கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, சுயதொழில் செய்தவர் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்க 28,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16 என்பதால் 40,32,000 ரூபாய். வருமானத்தை நிறுவ முடியாமல் தீர்ப்பாயம் 12,000 என்று தானே நிர்ணயித்தால் இதே கணக்கு 24,19,200 ரூபாயில் நின்றுவிடும். வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை கொடுத்தவரின் சாட்சியம், பொருள் வாங்கிய ரசீதுகள், நலவாரிய அட்டை ஆகியவை கிட்டத்தட்ட 16 லட்சம் ரூபாய் பெறும் காகிதங்கள்.

உயிர்பிழைத்தவர்களின் வழக்கில் வேறொரு பிழை நடக்கிறது. மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதத்தையே வருமான இழப்பின் சதவீதமாக ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஒரு கையை இழந்த ஓட்டுநரால் இனி அந்தத் தொழிலைச் செய்யவே முடியாது. அதே காயம் ஓர் எழுத்தரின் சம்பளத்தை அவ்வளவாகப் பாதிக்காமலும் போகலாம். ஊனம் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தே இழப்பை மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியது. எனவே, சிகிச்சை ஒரு நிலைக்கு வருமுன் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். அங்கே கையெழுத்திட்ட தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு செய்திகள். தம் கவனக்குறைவால் தாமே விபத்துக்குள்ளாகி இறப்பவரின் குடும்பத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் எதுவும் கிடைக்காது. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே துணை. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை விற்ற பிறகும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றப்படாமல் இருந்தால், வாங்கியவர் ஏற்படுத்தும் விபத்துக்குப் பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பு என்பதை 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உறுதிசெய்திருப்பதால், விற்பனைத் தொகையை எண்ணி வாங்கும் அன்றே பெயர்மாற்றப் படிவங்களிலும் இருவரும் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும்.