டேர்போ கார் வாங்கும் நாளிலேயே விற்கும் நாளை யோசியுங்கள்

2017இல் 34 இலட்சத்துக்கு சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் என்ற டேர்போ கார் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வலுவைக் கூட்டும் கார்) ஒன்றை வாங்கி, 2022 கடைசியில் 52 இலட்சத்துக்கு விற்றேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர்கள் இன்னும் என்னைக் கெட்டிக்காரன் என்றே நம்புகிறார்கள். வாங்கும்போது டொலர் ஏறத்தாழ 152 ரூபாய், விற்கும்போது 365. அதாவது 22,400 டொலருக்கு வாங்கியதை 14,200 டொலருக்குக் கொடுத்திருக்கிறேன். இதுதான் உண்மையான தேய்மானம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றதால் கார்களின் விலை ரூபாயில் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. தடை இருந்த நாட்களின் விலையை மனதில் வைத்து இப்போது யாரும் வாங்க வேண்டாம்.

எதை வாங்குவது? உற்பத்தி நின்றுபோன, ஆட்கள் தேடி அலையும் மெனுவல் கார்கள் விலையைப் பிடித்து நிற்கும். மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் நல்ல உதாரணம். பெரிய ஜெர்மன் கார்கள் அப்படியில்லை. பிரேக்குக்கும் டயருக்கும் என்ன செலவாகும் என்று இரண்டாவதாக வாங்க வருபவருக்கு நன்றாகத் தெரியும். அதை விலையில்தான் கழிப்பார்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். "வாருங்கள், ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறேன்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா பாருங்கள்; வந்தால் எஞ்சின் எண்ணெயையும் எரிக்கிறது. ஈஜே எஞ்சின் உள்ள டபிள்யூஆர்எக்ஸுக்கு டைமிங் பெல்ட், அதாவது காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய பட்டி. மாற்றிய பில்லைக் கேளுங்கள். எவலூஷன் 9 வரை பெல்ட், 10இல் செயின். என்ன பெற்றோல் அடித்தார் என்றும் கேளுங்கள். ஒக்டேன் 95 கேட்கும் டேர்போவில் 92 அடித்து மிதித்தால் பெற்றோல் நேரம் தவறி எரிந்து எஞ்சின் தட்டும். எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தை (கம்ப்ரெஷன்) அளந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் ஜப்பான் ஏலத்தில் காரைப் பரிசோதித்து எழுதும் ஆக்ஷன் ஷீட்டின் செஸி நம்பரைக் காரோடு ஒப்பிடுங்கள். ஷீட்டில் ஆர் கிரேட் என்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் எஞ்சினில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பதியாமல் விட்ட கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதை நீங்களும் ஒருநாள் விற்க வேண்டுமே.

நான் செய்த மடத்தனத்துக்கு வருகிறேன். சத்தம் பிடித்ததால் பெரிய சைலன்சர் போட்டேன், பூஸ்டையும், அதாவது டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தையும், ஏற்றினேன். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் 15 ஆயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். விற்கும்போது நான் கேட்ட விலை 58 இலட்சம். வந்த மனிதர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நல்லாத்தான் மிதிச்சிருக்கிறீங்கள். ஸ்டொக் சாமான் இருக்கா?" என்றார். காரோடு வந்த ஒரிஜினல் சாமானைத்தான் கேட்டார். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. 6 இலட்சம் அங்கேயே போனது. மாற்றத்துக்குச் செலவழித்த காசை வாங்குபவர் தரமாட்டார். ஒரிஜினல் இல்லாததற்கு மட்டும் கழிப்பார். ஆகவே கழற்றும் ஒவ்வொரு சாமானையும் துடைத்து, எண்ணெய் பூசி, பெயர் எழுதி வையுங்கள். பில்களுக்கு ஒரு ஃபைல் போதும்.

இப்போதைய காரின் ஒரிஜினல் சைலன்சர் பழைய பெட்ஷீட்டில் சுற்றியபடி என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கூட்டும்போதெல்லாம் அம்மா திட்டுகிறார்.