வனுவாட்டு நகமாலில் நிலத் தகராறு: எங்கே சறுக்குகிறார்கள்?

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் நிலமெல்லாம் மரபு உரிமையாளர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான் சொந்தம். 1980இல் விடுதலை கிடைத்தபோதே அரசமைப்பில் எழுதிவிட்டார்கள். சரி, அந்த உரிமையாளர் யார்? தகராறு அங்கேதான் தொடங்கும். அதைப் பேசித் தீர்க்க வேண்டிய இடம் நகமால், அதாவது ஊர்ப் பொதுமனை. அங்கே எடுக்கும் முடிவுக்கு 2013ஆம் ஆண்டின் மரபு நில மேலாண்மைச் சட்டம் வலு கொடுத்தது. அதற்கு முன் தகராறில் கிடந்த நிலத்தைக்கூட அமைச்சர் கையெழுத்துப் போட்டுக் குத்தகைக்கு விட முடிந்தது.

பெரிய தவறு, "இங்கே தோற்றால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு. நிலம் யாருடையது என்று தீவு நில நீதிமன்றம் மறுபடி விசாரிக்காது. நகமால் முறையாகக் கூடியதா, நடைமுறை சரியா, மோசடி உண்டா என்று மட்டும்தான் பார்க்கும். ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் நகமாலிலேயே சொல்லிவிட வேண்டும். இதையே திருப்பிப் பாருங்கள்: எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் நாலு பேரைக் கூட்டி அவசரமாக வாங்கும் முடிவு, கூடிய விதத்தாலேயே அடிபட்டுப் போகலாம். என் கணக்கில், யார் யாருக்குச் சொல்லி அனுப்பினோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

அடுத்தது, ஒரு தீவின் வழக்கத்தை இன்னொரு தீவில் பொருத்துவது. பென்டகோஸ்டின் வடபகுதியில் தாய்வழி மரபு; டான்னாவில் தந்தைவழி. டான்னாவில் நகமால் என்பது பெரும்பாலும் கட்டடம்கூட இல்லை, ஆலமரத்தடித் திடல். வீட்டைத் தேடிப் போகிறவர் அதைக் கடந்தே போய்விடுவார்!

பயிரிட்டவரையே உரிமையாளர் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் அனுமதி வாங்கித் தோட்டம் போடுவது அங்கே சாதாரணம். தென்னை போன்ற நீண்டகால மரங்களை நட்ட பிறகுதான் சிக்கல். மரத்தைக் காட்டி அவருடைய பேரப்பிள்ளைகள் நிலத்தையும் கேட்பார்கள். அதனால் எந்த அனுமதியின் பேரில் முதலில் நட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் வாயால் சபையில் சொல்ல வைக்க வேண்டும்.

குத்தகைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. முதலில் வந்து பேசுகிறவரையே உரிமையாளர் என்று நம்பிப் பேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். உரிமையாளர் யார் என்று முடிவான பிறகே பேரம் பேச வேண்டும். குத்தகை 75 ஆண்டு வரை ஓடலாம் என்பதால், தவறான ஆளோடு போட்ட ஒப்பந்தம் மூன்று தலைமுறையை இழுத்தடிக்கும்.

அப்புறம், வாய்முடிவோடு கலைந்துவிடாதீர்கள். முடிவை எழுதி, மரபு நில அலுவலகத்தில் பதிவாகும் வரை விடாமல் பின்தொடருங்கள்.