ராஃப்டிங் பணத்தில் ஊருக்கு எவ்வளவு? கணக்குப் போடும் முறை

ரிஷிகேஷுக்கு மேலே பிரம்மபுரி, ஷிவ்புரி, மரைன் டிரைவ், கௌடியாலா ஆகிய இடங்களில் கங்கையில் ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி) படகு இறங்குகிறது. டிக்கெட் வசூலை அப்படியே ஊரின் வருமானம் என்று எழுதிவிட்டால் கணக்கு அங்கேயே தவறிவிடும்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள், படகுகளை அல்ல. ஒரே படகு ஒரு நாளில் இரண்டு மூன்று நடை போகும். கரையேறும் இடத்தில் நின்று எண்ணுவதே சரி. கிளம்பும் இடங்கள் ஒவ்வொன்றிலும் நின்று எண்ணினால், மரைன் டிரைவில் கிளம்பிய படகு ஷிவ்புரியையும் தாண்டித்தான் போகும், கணக்கில் இருமுறை சேரும். வார நாட்களையும் சனி, ஞாயிறையும் தனித்தனியே எண்ணிப் பெருக்குங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை 30-ஆல் பெருக்கினால் தொகை தாறுமாறாக ஊதிவிடும். வெள்ளக் காலமான ஜூலை, ஆகஸ்டுக்குப் பூஜ்யம் போடுங்கள்.

அடுத்து ஒரு நடையைப் பிரித்துப் பாருங்கள். கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக்கான எண்கள்தான்: 8 பேர், ஆளுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 8,000. கைடுக்கு 1,200, பாதுகாப்புக்காகக் கயாக் என்ற சிறு படகில் கூடவே வருபவருக்கு 800, படகு தூக்குபவர்களுக்கு 500. கூரையில் படகைக் கட்டி மேலே ஏற்றும் ஜீப்புக்கு 1,500. அதில் டீசல் 600 ஊரில் தங்காது. ஆன்லைன் முன்பதிவுக் கமிஷன் 1,600-உம் வெளியே போய்விடும். ஆக, உறுதியாகத் தங்குவது 3,400. மீதி 2,400-இல் படகுத் தேய்மானமும் அரசுக் கட்டணமும் போக நிற்பது, உரிமையாளர் உள்ளூர்க்காரராக இருந்தால் மட்டுமே ஊருக்கு.

தங்கும் செலவைச் சேர்க்குமுன் பயணியிடம் கேளுங்கள்: “ராஃப்டிங் இல்லாவிட்டாலும் வந்திருப்பீர்களா?” யோகாவுக்கோ சார்தாம் யாத்திரைக்கோ வந்தவர் ஆமாம் என்பார். அவருடைய அறை வாடகையை இதில் சேர்க்கக் கூடாது.

பயணி செலவழித்த பணம் ஊருக்குள் மேலும் கைமாறுவதையும் சேர்க்க, செலவை ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; இந்தப் பெருக்கக் காரணியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ ராஃப்டிங் சங்கம் தன் அறிக்கைகளில் செலவை 2.56-ஆல் பெருக்கியது. அது ஒரு மாநிலம் முழுவதற்குமான எண். அரிசி, எண்ணெய், டீசல் எல்லாமே வெளியிலிருந்து வரும் ஷிவ்புரிக்கு அதைப் போடாதீர்கள். பெருக்காமல் நேரடித் தொகையையே காட்டுவது நேர்மை.

ஒரு வருடக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், கொள்கை வகுக்கும்வரை ராஃப்டிங்கை நிறுத்தச் சொன்னது. கைடிடம் மாத வருமானத்தைக் கேட்பதைவிட, ஒவ்வொரு வருடமும் எத்தனை நாள் ஆற்றில் இறங்கினார் என்று கேட்டு, அதை நாள்கூலியால் பெருக்குங்கள்.