‘ரிக்வெஸ்ட் ஃபார்’ எங்கே சரி, எங்கே தவறு: என் அனுபவம்

குமுளியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்க்கிறேன். ஆங்கில மின்னஞ்சல் எழுதுவது என் பொறுப்பு. ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ என்று எழுதினால் கணினி அடிக்கோடு போட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் சில வரிகளில் அதே ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ கோடில்லாமல் நின்றது. அதுதான் குழப்பமே.

முதலில், எந்தச் சொல்லுக்குப் பின் ‘ஃபார்’, ‘அபவுட்’ போன்றவை வரும் என்று இணையத்தில் கிடைத்த நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்தேன், பயனில்லை. அப்புறம் உடன் வேலை பார்க்கும் மலையாளிச் சேச்சியிடம் கேட்டேன். அவரும் அப்படித்தான் எழுதுகிறார். நாம் ‘விலையைக் குறித்து’ என்பதை அவர்கள் ‘விலயெக்குறிச்சு’ என்பார்கள். அந்தக் ‘குறித்து’ இருவருக்கும் ‘அபவுட்’ ஆகிவிடுகிறது.

கோடு விழாத வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது பிடிபட்டது. அங்கெல்லாம் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் சாம்பிள்ஸ்’ என்று பெயர்ச்சொல். வினையானால் ‘வீ ரிக்வெஸ்ட் சாம்பிள்ஸ்’, நடுவில் எதுவும் வராது. ‘டிஸ்கஸ்’ தனியே நிற்கும். ‘டிஸ்கஷன்’ என்றால் ‘அபவுட்’ வரலாம். ‘டிமாண்ட்’, ‘ஆர்டர்’ இரண்டும் ‘ரிக்வெஸ்ட்’ கணக்குத்தான். ‘ஆன்சர்’ பெயராக வந்தால் மட்டும் ‘டு’ கேட்கும்.

பெரிய நிம்மதி. ஆனால் ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘குட் அட்’ போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது. அவற்றை முழுத்தொடராகவே எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்.