துளையிலிருந்து துப்பாக்கி வரை: தோட்டாவின் பாதையைக் கணக்கிடுவது எப்படி?

பத்தாம் வகுப்பில் மலை உச்சியிலிருந்து படகைப் பார்க்கிற கணக்கு போட்டிருப்பீர்கள், இறக்கக் கோணம் 30°, படகு எவ்வளவு தூரத்தில் என்று. சுவரில் இருக்கும் தோட்டாத் துளையை வைத்துத் தடயவியல் ஆய்வாளர் போடுவதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். இங்கே படகு கண்ணுக்குத் தெரியும், மலை உச்சியைத்தான் தேட வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், தரையிலிருந்து உயரம், பக்கச் சுவரிலிருந்து தூரம் எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள். பாதையின் திசையைப் பார்க்கத் துளைக்குள் கம்பியை நுழைத்து விளிம்பு உரசிவிட்டால் பழைய விளிம்பு திரும்ப வராது.

ஒரே ஒரு துளைதான் இருக்கிறது என்றால் அதன் வடிவத்தைப் பாருங்கள். கேரட்டை நேராக நறுக்கினால் வட்டம், சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம், அகலம் அப்படியே இருக்கும், நீளம் மட்டும் கூடும். தோட்டாத் துளையும் அப்படித்தான். அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது, தோட்டா சுவரோடு சேர்ந்த கோணத்தின் சைன் மதிப்பு. அகலம் 9 மி.மீ., நீளம் 18 மி.மீ. என்றால் 0.5, அதாவது 30°. இது சுவரின் பரப்பிலிருந்து அளந்த கோணம், சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து பார்த்தால் அதுவே 60°. எதிலிருந்து அளந்தீர்கள் என்று எழுதாமல் விட்டால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

இந்த முறை சாய்வாக வந்த தோட்டாவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன நீளத்தை 18-க்குப் பதில் 18.2 என்று அளந்தாலும் விடை 29.6°, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கிட்டத்தட்ட நேராக வந்த தோட்டாவில், அகலம் 9.0, நீளம் 9.2 என்றால் 78°, நீளம் 9.4 என்றால் 73°. அதே 0.2 மி.மீ. தவறு, ஐந்து டிகிரி போய்விட்டது! பிய்ந்த விளிம்பில் 0.2 மி.மீ. துல்லியமாக அளப்பது வெர்னியர் அளவி இருந்தாலும் கஷ்டம். ஜிப்சம் பலகை, மெல்லிய தகரம் பரவாயில்லை, செங்கல், கான்கிரீட் சுவரில் பள்ளம் பெயர்ந்து போயிருக்கும், அங்கே நீள்வட்டத்தைத் தேடாதீர்கள்.

இரண்டு துளை கிடைத்தால் அதுதான் வசதி. தோட்டா ஒரு தடுப்புப் பலகையைத் துளைத்துப் பின்னாலிருக்கும் சுவரில் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலகையில் துளை 121 செ.மீ. உயரத்தில், சுவரில் 97 செ.மீ. உயரத்தில், நடுவே 80 செ.மீ. இடைவெளி. இறக்கம் 24 செ.மீ., 24-ஐ 80-ஆல் வகுத்தால் டேன் 0.3, கோணம் சுமார் 16.7°. அப்புறம் மேலிருந்து பாருங்கள், இரண்டாவது துளை 20 செ.மீ. வலப்பக்கம் தள்ளியிருந்தால் டேன் 0.25, பக்கவாட்டில் 14°. நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள்: பக்கவாட்டுச் சாய்வு இருக்கும்போது தோட்டா கிடைமட்டத்தில் கடந்த தூரம் 80 இல்லை, 80, 20 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 82.5 செ.மீ. உண்மையான இறக்கக் கோணம் 16.2°.

இப்போது பின்னோக்கிப் போகலாம். பலகைக்கு நேர் எதிரே தரைமட்டத்தில் எவ்வளவு தூரம் விலகுகிறோமோ, அதை 0.3-ஆல் பெருக்கி 121-உடன் கூட்டுங்கள். 1 மீட்டரில் 151 செ.மீ., ஏறத்தாழ நிற்பவரின் கண் உயரம். 3 மீட்டரில் 211 செ.மீ., அங்கிருந்து சுட்டிருந்தால் ஏதாவது ஒன்றின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும், அல்லது கையை உயர்த்திச் சுட்டிருக்க வேண்டும். எது நடந்தது என்று முக்கோணவியல் சொல்லாது, அது தருவது ஒரு கோடு மட்டுமே. அந்தக் கோட்டில் எந்த இடம் என்பதை அறையின் அமைப்பு, காலி தோட்டாக் கூடு, சாட்சி என்று மற்றவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோட்டைக்கூட மெல்லிய கோடாக வரையாதீர்கள். இரு பக்கமும் 5° பிழை விடுவது வழக்கம், அது 3 மீட்டரில் 26 செ.மீ., 10 மீட்டரில் 87 செ.மீ. புவியீர்ப்பைப் பற்றி அறைக்குள் கவலை வேண்டாம், நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போகும் தோட்டா 10 மீட்டரில் 4 மி.மீ.தான் இறங்கும். முதல் பலகையிலேயே தோட்டா திசை மாறியிருக்கலாம் என்பதுதான் உண்மையான கவலை, கண்ணாடி என்றால் இன்னும் அதிகம்.

பழகிப் பார்க்க நல்ல கணக்கு, 1963-இல் டாலஸில் அமெரிக்க அதிபர் கென்னடி காரில் போகும்போது சுடப்பட்ட வழக்கு. அடுத்த ஆண்டு, கொலையை விசாரித்த வாரன் ஆணையத்துக்காக அதே இடத்தில் காரை நிறுத்தி அளந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த சப்ரூடர் என்பவர் எடுத்த படத்தின் 210-ஆவது சட்டகத்தில் (ஃப்ரேம்), சுட்டதாக ஆணையம் சொன்ன ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து தூரம் 176.9 அடி, இறக்கக் கோணம் 21 டிகிரி 34 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). 225-ஆவது சட்டகத்தில் 190.8 அடி, 20 டிகிரி 11 நிமிடம். இரண்டின் சராசரியிலிருந்து சாலையின் சரிவான 3 டிகிரி 9 நிமிடத்தைக் கழித்துத்தான் காரைப் பொறுத்து ஏறத்தாழ 17 டிகிரி 43 நிமிடம் என்றார்கள். சரி, இந்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? தூரத்தைச் சைனால் பெருக்கினால் உயரம் கிடைக்கும்: முதலில் 65.0 அடி, அடுத்து 65.8 அடி. ஜன்னல் நகரவில்லை, பிறகு ஏன் உயரம் கூடியது? கார் இறக்கத்தில் 14 அடி போயிருக்கிறது, 14-ஐ 3 டிகிரி 9 நிமிடத்தின் டேன் மதிப்பால் பெருக்குங்கள், அந்த 0.8 அடி வந்துவிடும்.