வீட்டு அலங்காரத்தில் மெல்லிய குறும்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், தாம் முடித்துக்கொடுத்த வீட்டைச் சென்ற மாதம் ஆர்வத்தோடு என்னை அழைத்துச் சென்று காட்டினார். கூடத்துத் தரையைப் பார்த்ததும், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை அங்கே பதிந்து கிடப்பதைக் கண்டேன். பார்ப்பவரைப் புன்னகைக்கவைக்கும் சிறு வேடிக்கையைத்தான் குறும்பு என்கிறேன்; அதில் நேரும் தவறுகளை மட்டுமே இங்கே சொல்கிறேன். நிறங்கள் ஒவ்வாமற்போவது, பொருள்கள் அடைந்து கிடப்பது போன்றவற்றை யாரும் தாமே உணர்ந்து திருத்திக்கொள்வர் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

குறும்பைத் தரையில் பதித்துவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. வருகிறவர்கள் முகத்தில் ஒரு புன்னகை வர வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டதற்காக, 12 அடிக்கு 15 அடிக் கூடத்தில் ஐந்து வகைப் பூ வடிவங்களைக் கலந்து, செட்டிநாட்டு ஆத்தங்குடியில் செய்யும் 10 அங்குலத் தரைக்கற்கள் ஏறத்தாழ 260-ஐ, பழைய டைல்ஸின் மேலேயே பதிக்கச் செய்தேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதன்று; கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, முதுகில் மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தி நீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் கனம் முக்கால் அங்குலம் அளவுக்கு வரும். கலவையோடு சேர்ந்து தரை உயர்ந்துவிட, தச்சரை அழைத்து எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டியதாயிற்று.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கற்கள் கண்ணுக்கு நிறைவாக இருப்பதற்குக் காரணம், அங்கே ஒரே வடிவம் தடையின்றித் திரும்பத் திரும்ப ஓடுவதற்கு இடம் இருக்கிறது. நாங்கள் சோபாவையும் உணவு மேசையையும் போட்ட பிறகு எஞ்சியவை துண்டு துண்டான பூக்கள்தாம். அந்த வீட்டு அம்மா தஞ்சாவூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த தலையாட்டிப் பொம்மை அலமாரியில் இருப்பதே யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு ஆண்டுக்குள் தரையை எடுத்துவிடச் சொன்னார். “தினமும் அதே வேடிக்கையை எப்படிப்பா பார்த்துக்கொண்டிருப்பது?” என்று மட்டும் கேட்டார், கோபப்படவில்லை. உடைத்தபோது ஒரு கல்லும் முழுதாக வரவில்லை. அடியிலிருந்த பழைய தரையும் பெயர்ந்தது. புதுத் தரை தாழ்ந்து அமைந்ததால் ஒவ்வொரு கதவுக்கும் அடியில் ஓர் அங்குல இடைவெளி விழுந்து, இரவில் கூடத்து விளக்கொளி படுக்கையறைக்குள் கோடாகப் பாய்ந்தது. மறுபடியும் தச்சர், மறுபடியும் செலவு.

குறும்பு என்பது எதிர்பாராமல் கண்ணில் பட வேண்டியது. சலித்தால் எடுத்துவைக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் செருப்பு அலமாரியின் உள்தட்டில் ஒட்டாமல் ஒரே ஒரு கல்லை வைக்கிறேன். கதவைத் திறப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

தலையாட்டிப் பொம்மையை மின்விசிறிக்கு நேர்கீழே வைப்பது

தலையாட்டிப் பொம்மைகளில் நடனப் பொம்மை என்ற வகையின் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனியாகக் கம்பி முனைகளில் ஊசலாடும்படி அமைந்தவை. விசிறிக் காற்றில் அது ஓயாமல் ஆடி, இரவெல்லாம் டொக் டொக்கென்று சத்தம் எழுப்பும். கம்பி தாங்கும் இடமும் தேயும். இதற்குப் பயந்து சிலர் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்கவே எனக்கு வேதனையாக இருக்கிறது. நடையோரம் கைக்கெட்டும் தட்டில் வைத்தால், கடந்து போகிறவர் விரலால் தொட்டுவிட்டுப் போவார்.

வேடிக்கை வாசகப் பலகைகள்

வேண்டாம். இரண்டாம் வாரமே அவற்றை யாரும் படிப்பதில்லை.

எல்லா இழுப்பறைகளுக்கும் சென்னபட்டணக் கைப்பிடி

கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் அரக்குப் பூச்சோடு செய்யும் இந்த மரக் கைப்பிடி பத்தில் ஒன்றுக்குப் போதும். அடுப்பருகே கூடாது, அரக்குப் பூச்சு சூட்டில் இளகும்.

ஏற்கெனவே பதித்துவிட்டவர்களுக்கு

அந்தத் தம்பியிடம் தரையை உடைக்க வேண்டாம் என்றேன். கூடத்தின் நடுவே கரையில்லாத கோரைப்பாயை விரித்து, சுவரோரம் மட்டும் இரண்டு வரிசைப் பூக்கள் தெரியும்படி விடச் சொன்னேன். துடைக்கும்போது ஆசிட் படாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னேன், ஏனெனில் சிமெண்டுப் பரப்பை அது அரித்துவிடும். மறுநாளே பாய் வாங்கி விரித்துவிட்டுப் படம் அனுப்பியிருந்தார். சோபாவின் காலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சிவப்புப் பூ மட்டும் எட்டிப் பார்த்தது.